முதுமையில் பல்லும் சங்கத்துச் சேமிப்பும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சென்ற ஆண்டு, தறியும் காடும் ஒருங்கே உள்ள ஓர் ஊரில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நாள்வழியையும் பேரேட்டையும் ஒப்பிட்டு முடித்தபின், நிலுவையில் இருந்த கடன் மனுக்களின் கட்டு என் முன் வைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, அறுபத்தேழு வயது நிறைந்த ஓர் அங்கத்தினருடையது. கேட்ட தொகை பத்தாயிரம் ரூபாய். கடனுக்குரிய காரணம் என்ற இடத்தில் "குடும்பச் செலவு" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன குடும்பச் செலவு என்று செயலாளரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மனுதாரர் வெளித் திண்ணையில்தான் அமர்ந்திருந்தார். அழைத்து விசாரித்தோம்.

"பல்லுக்குத்தானுங்க. அதை எழுதறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க" என்றார் அப்பெரியவர்.

பிறகு அவர் சொன்ன வரலாறு இது. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் நெய்தவர். ஐம்பது வயதில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாயிற்று. வலி வந்தபோது கிராம்பு வைத்தார். வலி போனபோது அதை மறந்தார். இவ்வாறே ஒவ்வொன்றாகப் போய், அறுபத்தைந்து வயதில் எஞ்சியிருந்த சிலவற்றையும் எடுத்துவிட நேர்ந்தது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குப் பத்தாயிரம் கடன் வாங்கிப் பல் செட்டு ஒன்று கட்டிக்கொண்டார். அது ஈற்றை உறுத்தியது. சரிசெய்ய மும்முறை வரச் சொன்னார்கள். பேருந்துச் செலவையும் கூலி நாள் இழப்பையும் எண்ணி அவர் போகவில்லை. பல் செட்டு வேட்டித் துணியில் சுற்றப்பட்டு மாடத்தில் இருக்கிறது. வட்டி மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வட்டிக்காரரின் கணக்கைத் தீர்க்கவே சங்கத்தில் மனுச் செய்திருந்தார்.

இம்மனுவை நான் வழக்கமான கண்ணோடு மட்டும் பார்த்திருந்தால், காரணம் தெளிவாக இல்லை என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த ஏட்டைத் திருப்பியிருப்பேன். அன்று மாலை பேருந்தில் திரும்பும்போதுதான், நம் சங்கங்களின் ஏடுகளில் "மருத்துவம்", "குடும்பம்", "இதர" என்ற தலைப்புகளுக்குள் எத்தனை பற்கள் மறைந்திருக்குமோ என்று எண்ணலானேன். அவ்வெண்ணத்தின் விளைவே இப்பாடம்.

பல் செலவின் தனித் தன்மை

நோய்ச் செலவுகள் இரு வகைப்படும். ஒன்று, யாருக்கு வரும், எப்போது வரும் என்று அறிய இயலாதது. மாரடைப்பு, விபத்து போன்றவை. இவை ஆயிரம் பேரில் சிலருக்கு வருகின்றன. வந்தால் பெருந்தொகையை விழுங்குகின்றன. எனவே ஆயிரம் பேரும் சிறு தொகை செலுத்திச் சிலரைக் காப்பாற்றும் காப்பீடு இவற்றுக்குப் பொருந்தும். மற்றொன்று, ஏறத்தாழ எல்லோருக்கும் வருவது, மெல்ல வருவது, வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவது. பல் செலவு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. எல்லோருக்கும் வரும் செலவைக் காப்பீட்டால் பங்கிட முயன்றால், ஒவ்வொருவரும் தம் செலவைத் தாமே சந்தாவாகக் கட்ட வேண்டியதாகும். ஆகவேதான் காப்பீட்டு நிறுவனங்கள் பல்லைக் கண்டு ஒதுங்குகின்றன.

இதற்கு நெசவாளர்களின் சொந்த அனுபவமே சான்று. மத்திய அரசு 2005ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்களுக்கென ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை உதவி. அதில் புறநோயாளர் சிகிச்சைக்கு 7,500 ரூபாய் வரை ஒதுக்கீடு. அத்திட்டத்தில் பல் சிகிச்சைக்கு வைக்கப்பட்ட வரம்பு 250 ரூபாய். பல்லையும் நினைவில் வைத்த திட்டம் என்ற வகையில் அது பாராட்டுக்குரியதே. ஆனால் 250 ரூபாய் ஒரு பல்லைப் பிடுங்கப் போதியதாயிருக்கலாம். ஒரு பல்லைக் காப்பாற்றப் போதாது. அத்திட்டம் பின்னர் வேறு திட்டங்களுக்கு இடங்கொடுத்து மறைந்தது.

இன்றுள்ள நிலை என்ன? தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடைபெறுவது நம் அங்கத்தினர் பலர் அட்டை பெற்றுள்ள திட்டம். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதனோடு இணைக்கப்பட்டது. எழுபது வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி என்ற விரிவாக்கம் 2024 அக்டோபரில் அறிமுகமாயிற்று. இவை பெரும் உதவிகள். ஆயினும் இவை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைகளையே முதன்மையாகக் கருதி அமைந்தவை. தாடை முறிவு, வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு இவற்றால் உதவி கிடைக்கும். சொத்தையை அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் செட்டு ஆகிய அன்றாடப் பல் வேலைகளுக்குக் கிடைக்காது. "அட்டை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்பியிருக்கும் அங்கத்தினர்கள் இவ்வேறுபாட்டை இன்றே தெரிந்துகொள்வது நலம்.

பிற நாடுகள் கற்ற பாடம்

பல் செலவு ஏழை நாட்டின் சிக்கல் மட்டுமன்று. பிரிட்டனில் 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. அதுவரை கட்டணத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டிருந்த மக்கள் பல் மருத்துவர்களிடம் திரண்டனர். இலவசப் பல் செட்டுகளுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் ஆன செலவு அரசின் மதிப்பீட்டைக் கடந்துவிட்டது. 1951இல் பல் செட்டுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை மக்களே ஏற்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது, அப்பணியை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஓர் அமைச்சரவையையே அசைக்கும் அளவுக்குப் பல் செட்டின் கணக்கு பெரிது. இதில் நமக்குள்ள பாடம், தேவை இல்லாததால் மக்கள் பேசாதிருப்பதில்லை, வழி இல்லாததாலேயே பேசாதிருக்கிறார்கள் என்பது.

ஜப்பான் வேறொரு வழியைக் காட்டியது. அங்கு 1989இல் "எண்பது வயதில் இருபது பல்" என்ற இயக்கம் தொடங்கிற்று. இருபது சொந்தப் பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவை மென்று உண்ணலாம் என்பது அதன் அடிப்படை. தொடங்கிய காலத்தில் எண்பது வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பற்கள் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்விலக்கை எட்டியிருந்தனர். போன பல்லுக்கு விலை கொடுப்பதினும் இருக்கும் பல்லைக் காப்பது மலிவு என்பதை ஒரு நாடு முழுவதும் செய்து காட்டியது.

நம் அண்டை மாநிலங்களும் இவ்விஷயத்தில் முயன்றுள்ளன. கர்நாடகம் 2014இல் "தந்த பாக்கிய" என்ற திட்டத்தின் வாயிலாக, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோர்க்குப் பல் மருத்துவக் கல்லூரிகளின் உதவியோடு முழுப் பல் செட்டுகளை இலவசமாக வழங்க முற்பட்டது. கேரளத்தில் "மந்தஹாசம்" என்ற திட்டம் அறுபது வயது கடந்த ஏழைகளுக்குப் பல் செட்டுக் கிடைக்கச் செய்ததாகும். புன்னகை என்பது அச்சொல்லின் பொருள்.

செலவு ஏறும் படிகள்

நெய்பவர்க்குத் தெரியும்: பாவில் ஓர் இழை அறுந்த உடனே முடிந்துவிட்டால் அரை நிமிட வேலை, கவனியாது நெய்துகொண்டே போனால் துணியே பழுதாகும். பல்லும் அவ்வாறே.

முதற்படி, சிறு சொத்தை. இதை ஒரு முறை சென்று அடைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் படி, சொத்தை பல்லின் உள்ளே உள்ள நரம்பு வரை செல்வது. அப்போது வேர்ச் சிகிச்சையும் அதன்மேல் உறையும் வேண்டும். செலவு பல மடங்கு. மூன்றாம் படி, பல்லை எடுப்பது. இது மலிவானது என்பதால் பலர் இதையே தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் ஒரு பல் போன இடத்தை நோக்கி அண்டைப் பற்கள் சாய்கின்றன. எதிர்ப் பல் இறங்குகிறது. இடுக்கில் உணவு தங்கி மேலும் சொத்தை விளைகிறது. நான்காம் படி, செயற்கைப் பல். கழற்றி மாட்டும் பகுதிச் செட்டு, முழுச் செட்டு, எலும்பில் பதிக்கும் பல் என்று இதில் பல தரங்கள் உண்டு. கடைசியாகச் சொன்னதே மிக அதிக விலையுடையது.

சொத்தையைப் போன்றே ஈறு நோயும் பற்களைக் கொள்ளை கொள்வது. இது பெரும்பாலும் வலியின்றி வளரும். பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு இறங்குதல், பல் ஆடுதல் ஆகியன இதன் அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்க்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் அடங்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைத் தரும்போது, ஈற்றில் இரத்தம் வருவதையும் அவர்களிடம் சொல்லுதல் நன்று.

நம் சமவெளிக்குரிய சில வழக்கங்களையும் குறிப்பிட வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது முன்பல்லின் விளிம்பைத் தேய்க்கும். தறியருகே ஒரு சிறு கத்தரி இருந்தால் அது போதும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் தறிக்குழியிலும் களத்துமேட்டிலும் துணையாயிருப்பவை. பாக்கு தனித்தே புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்க இயலாத இறுக்கம் ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். மேலும், சேலம், தருமபுரிப் பகுதிகளில் சில கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடையாதபோது 1.5 வரை ஏற்கப்படும். இதனால் பழுப்பேறிய பல் பழுதான பல் என்று கருதிப் பிடுங்கிக்கொள்வது வீண் இழப்பு. கறை வேறு, சொத்தை வேறு.

பல் இல்லாததன் மறைவான செலவு

"வயதான காலத்தில் பல் எதற்கு? கஞ்சியைக் குடித்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அது தியாகம் போலத் தோன்றும். உண்மையில் வீட்டுக்கே இழப்பு. கீரையும் காயும் கடலையும் மெல்ல இயலாதபோது கஞ்சியும் இனிப்பான காப்பியும் பன்னுமே உணவாகின்றன. உடல் தளர்கிறது, மலச்சிக்கலும் சோகையும் சேர்கின்றன. நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. பல்லில்லாதவரும் எளிதில் உண்ணக்கூடிய அச்சத்துணவை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மறக்கிறோம். இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பேரவைக் கூட்டத்தில் எழுந்து பேசிக்கொண்டிருந்த மூத்த அங்கத்தினர், சொல் குழறுவதற்கு நாணிப் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்துவிட்டால், அனுபவம் நிறைந்த ஒரு குரலைச் சங்கம் இழக்கிறது.

இரு கணக்குகள்

இப்போது பேரேட்டுக்கு வருவோம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. இடத்துக்கும் வேலைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும்.

முதற் கணக்கு, மேலே சொன்ன பெரியவருடையது. பத்தாயிரம் ரூபாய், நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி. மாதம் 300 ரூபாய். மூன்று ஆண்டுகளில் வட்டி மட்டும் 10,800 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். அத்தொகையில் கால் பங்கை வட்டிக்குக் கொடுத்து வாழ்வது எவ்வாறு? இதே பத்தாயிரத்தை, ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் சங்கத்தில் பெற்று, மாதம் 500 ரூபாய் அசலோடு குறையும் நிலுவைக்கு வட்டி சேர்த்து இருபது தவணைகளில் தீர்த்தால், மொத்த வட்டி 1,050 ரூபாய்தான்.

இரண்டாம் கணக்கு, இன்று ஐம்பது வயதில் இருக்கும் ஓர் அங்கத்தினருடையது. அவர் சங்கத்தில் மாதம் 100 ரூபாய் தொடர் வைப்பாகச் செலுத்துகிறார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு என்று தனி வட்டியாகவே கணக்கிட்டாலும், பத்தாண்டு முடிவில் செலுத்திய 12,000 ரூபாயோடு வட்டி 3,630 சேர்ந்து 15,630 ரூபாய் ஆகும். நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய மூன்றரை ரூபாய். வெற்றிலை பாக்குச் செலவினும் இது குறைவு. கட்டணங்கள் ஆண்டுதோறும் ஏறும் என்பதால், கூலி உயரும்போது வைப்பையும் சிறிது உயர்த்துவது முறை. இடையில் சிறு சொத்தை தோன்றினால் இத்தொகையிலிருந்தே உடனுக்குடன் அடைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்தவர்க்கு அறுபது வயதில் பல் செட்டே தேவைப்படாமலும் போகலாம். அப்போது சேமிப்பு முழுவதும் அவருடையதே. காப்பீட்டுச் சந்தா திரும்பி வராது. சேமிப்பு திரும்பி வரும்.

கூலியிலிருந்து சிறுகப் பிடித்துச் சேமிப்பது நெசவாளர்க்குப் புதிதன்று. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975இல் தொடங்கியது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் பங்கு. 4 காசு அரசின் பங்கு. அதாவது நூறு ரூபாய்க் கூலிக்குப் பன்னிரண்டு ரூபாய் சேர்கிறது. ஆனால் அத்தொகை கைக்கு வரும் வயதில் பேத்தியின் திருமணமோ வீட்டின் ஓடோ முன்னால் வந்து நிற்கும். எனவே பல்லுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். பெயரிட்ட பணமே காரியத்துக்கு உதவும்.

விவசாய அங்கத்தினர்க்கு மாதக் கூலி இல்லை. மஞ்சள் ஏலம் போனபோதோ, மரவள்ளிக் கிழங்கு எடை போட்டபோதோ, கரும்புப் பட்டுவாடா வந்தபோதோதான் கையில் பணம் புரளும். அவர்கள் ஆண்டுக்கொரு முறை 1,200 ரூபாயை விற்பனைத் தொகையிலிருந்தே வைப்பில் வரவு வைக்கும்படி சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்.

எங்கே செல்வது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றின் பல் பிரிவுகளை முதலில் அணுகலாம். சேலத்தை அடுத்த அரியானூரிலும் திருச்செங்கோட்டிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இத்தகைய கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால், தனி மருத்துவரிடம் ஆவதைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் நேரமும் வருகைகளும் அதிகமாகும். நூற்பாலை முதலியவற்றில் ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளியாக ஐந்தாண்டுகளேனும் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவர்க்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். பலர் இதை அறியாது உரிமையை இழக்கின்றனர்.

எங்கு சென்றாலும் நான்கு விஷயங்களை மறவாதீர்கள். ஒன்று, மருத்துவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சந்தையில் பல் கட்டுவோரிடம் வாயை ஒப்படைக்காதீர்கள். இரண்டு, மொத்தச் செலவையும் வருகைகளின் எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். முழுச் செட்டுக்குப் பொதுவாக நான்கைந்து வருகைகள் ஆகும். பொருத்தியபின் உறுத்தலைச் சரிசெய்யும் வருகைகள் அதற்கு மேல். பேருந்துச் செலவும் கூலி இழப்பும் சேர்த்தே கணக்கிடுங்கள். மூன்று, சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு, பல் செட்டை இரவில் கழற்றித் துலக்கித் தண்ணீரில் இட்டு வையுங்கள். வெந்நீரில் இட்டால் வடிவம் கெடும். பற்களை எடுத்தபின் தாடை எலும்பு காலப்போக்கில் தேய்வதால், ஒரு முறை கட்டிய செட்டு ஆயுளுக்கும் பொருந்தாது. சில ஆண்டுகளில் சீர்செய்யவோ மாற்றவோ நேரும்.

சங்கம் செய்யத்தக்கவை

"சங்கம் நூலுக்கும் உரத்துக்கும் ஏற்பட்டது, பல்லுக்கா?" என்று சிலர் வினவக்கூடும். இந்நாட்டில் 1904இல் முதல் கூட்டுறவுக் கடன் சட்டம் வந்தபோது அதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டவை சிக்கனமும் தன்னுதவியும். வட்டிக்காரரிடமிருந்து அங்கத்தினரை மீட்பதே நம் பிறப்பின் காரணம். விதைக்கு வாங்கிய கடனாயினும் பல்லுக்கு வாங்கிய கடனாயினும் மூன்று வட்டி மூன்று வட்டிதான்.

நிர்வாகக் குழுவினர் எண்ணிப் பார்க்கச் சில யோசனைகள்:

1. ஐம்பது வயதை எட்டிய ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பல் பராமரிப்புக்கெனத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க ஊக்கமளித்தல்.

2. ஆண்டுக்கொரு முறை, அரசு மருத்துவமனையையோ பல் மருத்துவக் கல்லூரியையோ அணுகிச் சங்கக் கட்டடத்தில் பரிசோதனை முகாம் நடத்துதல். முகாமோடு நிறுத்தாமல், சிகிச்சை தேவைப்படுவோரை ஒரே வண்டியில் அழைத்துச் சென்று திரும்புதல். பத்துப் பேர் சேர்ந்து போனால் பயணச் செலவு குறையும்; கூச்சமும் குறையும்.

3. துணைவிதிகள் இடந்தருமாயின், பொதுநல நிதியிலிருந்து அப்பயணச் செலவை ஏற்றல். இடந்தராவிடில், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி பேரவையில் திருத்தத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவுக்கு அனுப்புதல்.

4. கடன் மனுவில் "பல் மருத்துவம்" என்று கூசாமல் எழுத ஓர் இடம் வைத்தல்.

5. அண்டை மாநிலங்களின் முன்மாதிரியைச் சுட்டி, ஏழை முதியோர்க்குப் பல் செட்டு உதவி வேண்டுமென்று சங்கங்கள் ஒன்றுகூடி அரசுக்கு விண்ணப்பித்தல். பத்துத் திட்டங்களில் விடுபட்டுப்போன ஒரு தேவையைக் கூட்டாக எடுத்துச் சொல்வதும் கூட்டுறவே.

இவற்றுள் எதுவும் பெரும் மூலதனம் வேண்டுவதன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே எழுபதைக் கடந்தவர்க்குச் சேமிப்புப் பாடம் பயன் தராது. அவருக்கு இன்று வேண்டியது நியாய வட்டியில் ஒரு கடனும், துணைக்கு ஓர் ஆளும், போய்வர ஒரு வண்டியுமே. சேமிக்கச் சொல்லும் உபதேசம் இளையவர்க்கு, உதவி மூத்தவர்க்கு. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடலாகாது.

முதலிற் சொன்ன பெரியவரின் மனு, காரணத்தைத் திருத்தி எழுதியபின், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. வட்டிக்காரரின் கணக்கு தீர்ந்தது. சங்கத்து இளைஞர் ஒருவர் அவரைத் தம் வண்டியில் மூன்று முறை அழைத்துச் சென்று செட்டைச் சரிசெய்து வந்தார். அண்மையில் அவ்வூருக்கு மறுபடியும் போயிருந்தேன். பெரியவர் திண்ணையில் அமர்ந்து வறுத்த கடலையை மெல்ல மென்றுகொண்டிருந்தார். "ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் உறுத்துதுங்க, அடுத்த வாரம் போகோணும்" என்றார். போகவேண்டும் என்ற எண்ணம் வந்ததே, அதுவே பாதிச் சிகிச்சை.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. மாரடைப்புச் செலவுக்கும் பல் செலவுக்கும் உள்ள வேறுபாடு யாது? எதற்குக் காப்பீடு பொருந்தும், எதற்குச் சேமிப்புப் பொருந்தும்?

2. பத்தாயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி எனில், அசலுக்குச் சமமான வட்டியைச் செலுத்த எத்தனை மாதங்கள் ஆகும்? உங்கள் சங்கத்தின் வட்டி விகிதத்தோடு ஒப்பிடுக.

3. உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள பல் மருத்துவப் பிரிவுக்குச் சென்றுவர ஆகும் பேருந்துச் செலவும் கூலி இழப்பும் எவ்வளவு? ஐந்து வருகைகளுக்குக் கணக்கிடுக.

4. உங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் பொதுநல நிதியை எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்று கூறப்பட்டுள்ளது? படித்து, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.

5. உங்கள் வீட்டில் கடினமான உணவை விலக்கி உண்ணும் மூத்தவர் யார்? அவரிடம் காரணத்தைக் கேட்டதுண்டா?